குறுக்குக் கோடு போட்ட ஏழு

புதன்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் சித்தியும் சௌகரியம். உன் தபால் வந்து பதினோரு நாள் ஆகிறது. இதற்குள் இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. பன்னிரண்டு மணிக்குத் தபால் பெட்டியைத் திறப்பார்கள். அதற்குள் போட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அப்பாவைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நான்கு தடவை படித்தேன். வானிலைத் துறையின் ஆண்டு மலரில் அது வரப்போவது சந்தோஷம். அவர் போய் எட்டு மாதம் ஆன பிறகு, அவரோடு இருபது வருடம் வேலை பார்த்தவன் என்பதற்காக, தவறிருந்தால் திருத்தித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறாய். அந்தத் தகுதி எனக்கு உண்டா என்பது தனி விஷயம்.

முதலில் சின்னத் திருத்தங்கள். அவர் நிலையத்தில் இருந்தது முப்பத்து நான்கு வருடம் அல்ல. முப்பத்து மூன்று வருடம், நான்கு மாதம். "ஊருக்கெல்லாம் மழை சொல்றவரு, கொடியில காயிற துணியை மட்டும் எடுக்க மாட்டாரு" என்று அண்ணி சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது அப்படியே அண்ணியின் குரல்தான். ஆனால் மழை வரும் என்று நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. வந்த மழையை அளந்தோம், அவ்வளவுதான். வருமா என்று சொல்வது தலைமை அலுவலகத்தின் வேலை. துறை மலர் என்பதால் இதைக் கவனிக்கவும்.

அப்பா வேலை நேரத்தில் சிரிக்கவே மாட்டார் என்று எழுதியிருப்பதும் சரியில்லை. மேகம் திரண்டால் வாசலில் நின்று, "வாங்க, உக்காருங்க, இப்பத்தானே வந்தீங்க" என்று உபசரிப்பார். பெய்யாமல் கலைந்து போனால், "வந்தவங்க ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்பார். எனக்கு "ஈரக்குமிழ்" என்று பெயர் வைத்ததும் அவர்தான். வெள்ளை மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அது அநேகமாக மற்றதைவிடக் குறைவாகவே காட்டும். "நீயும் அப்படித்தான்யா, எப்பவும் உன்னை ரெண்டு டிகிரி குறைச்சே காட்டுற" என்பார். இதைக் கட்டுரையில் சேர்ப்பதானால் சேர்த்துக்கொள்.

இனி, நான் கடிதத்தைக் கிழித்ததற்கான காரணம்.

உனக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்து கை முறிந்த நாளைப் பற்றி எழுதியிருக்கிறாய். மருத்துவமனையில் எலும்பை இழுத்துச் சேர்த்தபோது அப்பா என்று கத்தியதாகவும், அந்த நேரத்தில் அவர் ஐந்தரை மணி அளவை எடுத்துக்கொண்டிருந்ததாகவும், ஆறு மணிக்குத்தான் வந்ததாகவும், வெகுநாள் அதை மன்னிக்க முடியாமல் இருந்து பிறகு அவருடைய கடமையைப் புரிந்துகொண்டதாகவும் சொல்கிறாய். அன்றைய பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் படமாகப் போடப்போகிறாய். ஐந்தரை மணிக்கு நேராக 27.4. 'குறுக்குக் கோடு போட்ட அப்பாவின் ஏழு. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்' என்று கீழே குறிப்பு.

அது உன் அப்பாவின் ஏழு அல்ல. என்னுடையது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அன்று நான்கு மணிக்குப் பள்ளிக்கூடக் காவலாளி வந்து செய்தி சொன்னார். நிலையத்துக்குப் பின்னாலேயே எனக்குக் குடியிருப்பு. என் முறை எட்டு மணிக்குத்தான். உன் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி என் வாசலில் வந்து நின்று, "பாப்பா கையை உடைச்சுக்கிட்டாளாம். அஞ்சரையை நீ பாத்துக்க" என்றார்.

எழுத்தில் இல்லாமல் பணி மாறக்கூடாது என்பது விதி. முந்தின வருடம் ஒரு வேளை அளவு விட்டுப்போனதற்காக ஒருவரை வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள். அனுப்பிய ஆய்வாளர் உன் அம்மாவின் அண்ணன், உன் மாமாவேதான். சொந்தம் என்பதால் உன் அப்பாவிடம் அவர் இன்னும் கறாராக இருப்பார். இதையெல்லாம் யோசித்துவிட்டு, ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி நான் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுக்காமலே சைக்கிளில் ஏறிவிட்டார்.

ஐந்தரைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். மரப்பெட்டி என் ஜன்னலிலிருந்து நாற்பது அடி. கடிகாரத்தைப் பார்த்தேன். போகவில்லை. எட்டு மணிக்குப் பணியில் சேர்ந்தபோது அந்த வரி காலியாக இருந்தது. எங்களுடையது சின்ன நிலையம்; அன்றைய அளவுகளை மறுநாள் காலையில்தான் தொலைபேசியில் சொல்வோம். இரண்டரை மணிக்கு 30.2. எட்டரைக்கு நான் எடுத்தது 24.8. நடுவில் 27.5 வரும். சரி நடுவாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒரு புள்ளி குறைத்து எழுதினேன். அந்தப் பதிவேட்டில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.

உன் அப்பா நாலரைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட்டாரம்மா. வாசலில் உன் மாமாவின் ஜீப் நின்றது. உள்ளே போனால் ஐந்தரையை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். நான் ஒப்புக்கொண்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும். சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றார். அளவை எடுத்துவிட்டுக் கிளம்பினால் எத்தனை மணிக்கு வந்து சேருவாரோ அதுவரை நின்றார். டோக்கன் கொடுப்பவர், உள்ளே போகவில்லையா என்று கேட்டதற்கு, இன்னும் நேரமாகவில்லை என்றாராம். கட்டுப் போடும் அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

மறுநாள் இதை என்னிடம் ஒரே முறை சொன்னார். "கூப்பிட்டா. கேட்டுச்சு. போகலை." பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

பதிவேட்டைத் திறந்து அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். "ஏழுக்குக் குறுக்குக் கோடு போட்டிருக்கே. எனக்குப் போடத் தெரியாதேய்யா" என்றார். அன்றிலிருந்து, யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் நான் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று, தன் ஏழுகளுக்கெல்லாம் கோடு போட ஆரம்பித்தார். கடைசிவரை போட்டார். சந்தேகமிருந்தால் அதற்கு முந்தின பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பார். அவர் எழுதிய ஏழு ஒன்றில்கூடக் கோடு இருக்காது.

கடமைக்காக வராமல் இருந்த அப்பா ஒருவரை நீ சிரமப்பட்டு மன்னித்து வைத்திருக்கிறாய். நான் அவரை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்து, வந்தபின் பயந்து வெளியே நின்றவரைத் தருகிறேன். இதில் எது உனக்கு லேசு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முதல் கடிதத்தையே போட்டிருப்பேன்.

கட்டுரையை எப்படி மாற்றுவது என்பது உன் இஷ்டம். என்னைப் பற்றி எழுதுவதானால் எழுது. ஓய்வூதியத்தில் கை வைப்பார்களோ என்று நேற்று ஒரு மணி நேரம் யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படத்தைப் போடுவதானால் மட்டும், அந்த வரி அவர் கையெழுத்து இல்லை என்று குறிப்பிடவும். அவர் பொய் எழுதியவர் அல்ல.

மழைக்காலத்தில் உனக்கு அந்தக் கை வலிக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்போதும் வலிக்கிறதா? கோபமிருந்தாலும் ஒரு வரி எழுதிப் போடு. மேலே தேதி போடுவாய் அல்லவா, அதில் ஏழு வந்தால் எப்படி எழுதியிருக்கிறாய் என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

நீயும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
ஈரக்குமிழ்