பெட்டி இறங்கும் வழி

செப்டம்பர் 9, சனி

வருஷத்துக்கு ஒருநாள் ஊரைத் திறந்து காட்டுகிறோம். ஏழு வீடு, ஒரு சின்னத் தேவாலயம், ஒரு தானியக் கொட்டகை, எல்லாம் பழசு. எங்கள் வீட்டுக்கு நான்தான் வழிகாட்டி (நானும் பழசு). குளிர்காய நெருப்பு மூட்டும் நானூறு வருஷக் கல் கணப்பைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டி முழங்கினேன். யாரும் கல்லைப் பார்க்கவில்லை. திரும்பினால், என் நீளக் கால் உள்ளாடை அதன்மேல் காய்ந்துகொண்டிருக்கிறது. தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி, "இதுவும் அந்தக் காலத்ததுதானா?" என்றாள். மாடியில் படுத்திருந்த வின்னி சிரித்தது கீழே வரைக்கும் கேட்டது. கட்டிய மனைவி!

செப்டம்பர் 12

வின்னிக்கு இடுப்பு வலி கூடிவிட்டது. எங்கள் சுழல் படியில் ஏறத் தோளைச் சாய்க்க வேண்டும். ஒரு கைப்பிடியாவது போடலாமா என்று மறுபடி கேட்டிருந்தேன். கவுன்சில் பெண் வந்து படியைத் தடவிப் பார்த்தாள். "அருமையான படி சார். பாதுகாக்க வேண்டியது. கை வைக்க முடியாது." எனக்கும்தான் இடுப்பு வலிக்கிறது. என்னை யார் பாதுகாக்கிறார்கள்?

செப்டம்பர் 13

மகள் ஜூடித் போன் பண்ணினாள். டவுனில் படியே இல்லாத வீடு ஒன்று காலியாம், மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். "அம்மாவுக்காக யோசிங்கப்பா."

"உங்கம்மா இந்த வீட்டை விட்டு வரவே மாட்டாடி" என்றேன். வருவாளா? கேட்கத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 17

மழை. தேநீர்த் தட்டோடு மேலே, கீழே, மேலே.

செப்டம்பர் 20

வின்னி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர். ஸ்ட்ரெச்சர் படியில் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? சவப்பெட்டியே திரும்பாது என்றுதான் இந்த ஊரில் மாடித் தரையில், பெட்டியை நேராகக் கீழே இறக்க, பலகை மூடி போட்ட ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். என் அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் இறங்கினார்கள். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வின்னிதான் சொன்னாள். "கிழவா, மூஞ்சியத் தொங்கப்போடாத. கம்பளத்தை எடு, மூடியைத் திற. உயிரோட இறங்கற முதல் ஆள் நான்தான்."

பக்கத்து வீட்டு கில்பர்ட் கொட்டகையிலிருந்து கயிறு கொண்டுவந்தான். நாங்கள் மூன்று பேர் மேலே பிடித்துக்கொள்ள, அவன் கீழே கையை நீட்டிக்கொண்டு, "மெதுவா, மெதுவா! மாவு மூட்டைன்னு நெனப்பா?"

அந்தரத்தில் தொங்கியபடியே வின்னி, "யாருடா மூட்டை?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

செப்டம்பர் 22

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாம்.

செப்டம்பர் 27

ஆஸ்பத்திரி. வின்னி ரொம்ப நேரம் போர்வையை நீவிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ஒரு தடவை அந்த ஓட்டை வழியா இறங்கிட்டேன். மறுபடி மேல ஏற மனசில்ல. ஜூடித் சொன்ன வீட்டுக்குப் போயிடலாமா? உன் தாத்தா வீடு... நீ அதுக்காக உயிரையே விடுவ. அதான் இத்தனை நாள் வாயத் திறக்கல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு, "உனக்காக வேணா வரேன்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நர்ஸைக் கூப்பிட்டு வேறு சொன்னாள்.

எனக்கும் போதும்டி, உன்னைவிட நான்தான் களைச்சுப் போயிருக்கேன் — அதைத்தான் சொல்லவில்லை.