வெளியில் தொங்கிய பூட்டு

கலகெதர,
2022 ஜனவரி 9

தம்பி ராஜலிங்கத்துக்கு,

என்னைக் கடைக்குள் வைத்து வெளியால் பூட்டுகிறாய். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது.

உலகத்தையே முடக்கிய அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு தேறாமல் கிடந்த என்னை, கண்டியில் வைத்தியம் பார்க்கிறேன் என்று மடுல்கெல்லயிலிருந்து அழைத்து வந்தாய். வைத்தியரிடம் கூட்டிப் போகவில்லை. இந்தக் கலகெதரயில் உன் ஹார்ட்வெயார் கடையின் பின்னறையில் பாய் போட்டுக் கொடுத்தாய். எனக்கு ராத்தூக்கம் இல்லை என்று தெரிந்ததும் காவல்காரன் கணபதியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தாய். "அண்ணே, நீங்க எப்படியும் முழிச்சித்தானே இருக்கீங்க" என்று நீ சிரித்தபோது நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்குகிறேன்.

முப்பது வருஷம் தேயிலை பெக்டரியில் வாச்சராக இருந்தவனுக்கு முழித்திருப்பது பழக்கம் என்று நினைக்கிறாய். வாச்சர் என்றால் தூங்காதவன் இல்லை, பகலில் தூங்குகிறவன். காலையில் ரொட்டி தின்றுவிட்டுப் படுத்தேனென்றால் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் தலைமாட்டில் கிரிக்கெட் விளையாடினாலும் எனக்குத் தெரியாது. இப்போது பகலும் இல்லை, இரவும் இல்லை. கண் சொக்கும் நேரத்தில் யாரோ பிடித்துத் தள்ளினதுபோல் உடம்பு தூக்கிப்போடுகிறது. முற்றம் கூட்டினால் மூச்சு வாங்குகிறது. முந்தாநாள் ஒரு ஆள் ஆணி கேட்டான். கண்ணெதிரே பெட்டி இருக்கிறது, ஆணி என்றால் என்னவென்று எனக்கு ஓடவில்லை.

சாமான் சுற்றி வந்த பத்திரிகையில் படித்தேன். இந்தக் காய்ச்சல் வந்து போன பலருக்கு இதே அசதியும் தூக்கக் கேடும் சேர்ந்தே நிற்கிறதாம். ஒன்று மற்றதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். இது வியாதி. பழக்கம் இல்லை.

ராத்திரியானால் உன் சொல்படி பூட்டிச் சாவியோடு போவது கடைப் பையன், நீ கண்டியை விட்டு வருவதில்லை; அவன் போனில் சொன்னால் "சரி அண்ணே" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி லொறி டிரைவர் பாரூக்கிடம் கொடுக்கிறேன். பதிலும் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கறுப்பையா


கண்டி,
2022 ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி நல்லம்மா அழுதுவிட்டாள். "மாமா மனசுல இவ்வளவு வச்சிருக்காங்களா" என்று கேட்டாள்.

பூட்டு உங்கள் நன்மைக்குத்தான். கார்த்திகையில் ஷட்டரைத் திறந்து போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றீர்களே, மறந்துவிட்டீர்களா? குருநாகல் பஸ்ஸில் ஏறியிருந்தால் நான் எங்கே போய்த் தேடுவேன்? சீமெந்து வருவதே அபூர்வமாகிவிட்ட இந்த நேரத்தில் வெளியாளையும் நம்ப முடியவில்லை.

வயது போனால் தூக்கம் குறையும் அண்ணே. அதிலும் உங்களுடையது வாச்சர் உடம்பு. பொங்கல் கழிந்ததும் டாக்டரிடம் போவோம். பாரூக்கிடம் ஒரு சாய்மனைக் கதிரையும் கம்பளிக் கோட்டும் அனுப்புகிறேன். வசதியாக இருங்கள்.

அன்புத் தம்பி
ராஜலிங்கம்


கலகெதர,
2022 பெப்ரவரி 6

தம்பிக்கு,

பொங்கல் போயிற்று, பூசமும் போயிற்று. டாக்டர் வரவில்லை, கதிரை வந்தது. அதில் சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது. இரவெல்லாம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். மேலே காற்றுப் போக வைத்த கம்பி வலையால் தெரு விளக்கின் ஒரு துண்டு வெளிச்சம் விழும். அதுதான் எனக்கு உலகம்.

பஸ் ஸ்டாண்டில் நின்றது உண்மை. மறுக்கவில்லை. வழி மறக்கிறவனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும், நீ பூட்டைக் கொடுத்தாய். தன் வழியே தெரியாத மனிதன் கள்ளனைப் பிடிப்பான் என்று நம்பினாயே, அதை எப்படி நம்பினாய்?

பெக்டரியில் சாவி என் இடுப்பில் இருந்தது. இரவில் தோட்டத் துரை வந்தாலும் "கறுப்பையா" என்று கூப்பிட்டு, நான் திறந்த பிறகுதான் உள்ளே வருவார். காவல் என்றால் அது. சாவி காவல்காரனிடம் இருக்கும். இந்தக் கடையில் ஆணி, கம்பி, பெயின்ட் டின் எல்லாவற்றுக்கும் வெளியால்தான் பூட்டு. எனக்கும் அப்படித்தான். ஒன்று மட்டும் சொல். நான் காவல்காரனா, சரக்கா?

சாவியை உள்ளே கொடு. இல்லாவிட்டால் என்னை மடுல்கெல்லயில் மகள் அழகம்மாவிடம் அனுப்பிவிடு.

உன் அண்ணன்
கறுப்பையா


கண்டி,
2022 பெப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

சரக்கு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெல்தோட்டைத் திருவிழாவுக்குப் போனவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

இந்த மாதம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். சாவி வேண்டாம், பயமாக இருக்கிறது. அழகம்மா எனக்குப் போன் பண்ணினாள். "அப்பா இங்க நல்லா தூங்குறாரு, நீ கவலப்படாத" என்று சொல்லியிருக்கிறேன். மகள் மனம் நோகக் கூடாது என்றுதான்.

ராஜலிங்கம்


மடுல்கெல்ல,
2022 பெப்ரவரி 20

ராஜலிங்கத்துக்கு,

நான் தூங்குகிறேன் என்று என் மகளிடம் பொய் சொன்னாய். பூட்டைக்கூட ஒரு நாள் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன். அவள் வந்து பார்க்காமல் இருந்தது அந்தப் பொய்யால்தான்.

போன செவ்வாய்க்கிழமை விடியும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஷட்டரைத் தட்டினேன். கத்த மூச்சில்லை. பக்கத்தில் அப்பம் சுடும் ஆஸியா உம்மாதான் ஓடி வந்தாள். "அல்லாஹ்வே! உள்ளுக்கு மனிசன் ஈக்கக்குள்ள வெளியால பூட்டியா வச்சீக்கிறாங்க?" என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. சாமான் ஏற்ற வந்த பாரூக் தயங்கினான். முதலாளியின் பூட்டல்லவா. "ஒடைங்க மகன். ஒங்கட முதலாளிக்கு நான் பதில் சொல்றன்" என்றாள். ஜாக் கம்பியால் உடைத்தான்.

அந்த லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது இதுதான்: "ஐயா, காய்ச்சல் வாறதுக்கு முந்தி நீங்க தூங்கினீங்களா?" இத்தனை மாதத்தில் என்னைச் சேர்ந்த ஒருவரும் கேட்காத கேள்வி. தூங்கினேன் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்ச்சல் விட்டுச்சென்ற வியாதி இது, தூக்கம் கெட்டால் அசதி கூடும், அசதி கூடினால் தூக்கம் கெடும், ஆறுவதற்கு நாள் எடுக்கும் என்றார். ராக் காவல் கூடவே கூடாது என்றார். சேதி கேட்டு அழகம்மா ஓடி வந்து என்னை இங்கே கூட்டி வந்துவிட்டாள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பாரூக்கை ஒரு வார்த்தை ஏசக் கூடாது. அவன் சம்பளத்தில் பூட்டுக்கென்று கை வைக்கக் கூடாது.

உடைந்த பூட்டு ஆஸியா உம்மாவின் அப்பக் கடையில் இருக்கிறது. அதை நீதான் போய் வாங்க வேண்டும், ஆள் அனுப்பாதே. அவள் சொல்வதை நின்று கேட்டுவிட்டு வா.

கணபதியைத் திரும்பக் கூப்பிடு. சாவி அவன் இடுப்பில் இருக்கட்டும்.

நல்லம்மா அழ வேண்டாம் என்று சொல். கோட்டு நல்ல கோட்டு, அதையும் கணபதிக்குக் கொடுக்கட்டும்.

அழகம்மா இனி உன் போனை எடுக்க மாட்டாள். சொன்னது பொய் என்று நீ இங்கே வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ராத்திரி அந்தக் கதிரையில் நீ உட்கார வேண்டும். ஷட்டரை இழுத்து வெளியால் பூட்டச் சொல். விடிந்த பிறகு வா.

என் வேலை தூங்குவது. நேற்று கொஞ்சம் வந்தது. அழகம்மா கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

கறுப்பையா