பன்னீர் பட்ட டிஸ்க்குகள்

லெப்பைக்குடிக்காடு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இலியாஸுக்கு அம்மா குல்சும் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தா, நான், உன் சின்னத் தங்கச்சி ஷைமா எல்லோரும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் வேலை நேரத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பாய். அதனால் ரியாத் திரும்புகிற பக்கத்து வீட்டு நசீரிடம் உன் பெரிய தங்கச்சி மர்ஜியாவின் நிக்காஹ் வீடியோ டிஸ்க்கோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்திருக்கிறேன்.

வீடியோவை முதலில் போட்டுப் பார்த்த அன்று எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மூன்று மணி நேரம் ஓடுகிறது, பந்தியில் மூன்று தடவை பிரியாணி வாங்கிய உன் மாமாகூட இருக்கிறார், லீவு கிடைக்காத நீ ஓரிடத்திலும் இல்லை. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப்போகிற டிஸ்க்கின் மேலேயாவது என் பிள்ளை இருக்கட்டும் என்று அத்தாவையும் இழுத்துக்கொண்டு பெரம்பலூர் ஸ்டூடியோவுக்குப் பஸ் ஏறினேன். பெண்ணின் படம் போடுவதுதான் அத்தாவுக்கு ஆகாது, உன் படத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினால் செலவு குறைவு என்று மட்டும் முணுமுணுத்தார். ஸ்டூடியோக்கார முத்தமிழ்செல்வன் தம்பி, நம்ம ஊரு வெயிலுக்கு ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கும், பிளேயருக்குள்ள மாட்டுனா டிஸ்க்கும் போச்சு பிளேயரும் போச்சுங்க என்றது. அழியாத ஸ்கிரீன் பிரிண்டிங் வேண்டுமென்றால் நூறு டிஸ்க்காவது போட வேண்டுமாம், நமக்கோ இருபத்தைந்துதான். கடைசியில் வெள்ளை டிஸ்க்கில் மெஷினே நேராக மை அடிக்கிற முறையைத்தான் பிடித்தேன், நீ போன பெருநாளுக்கு அனுப்பிய நீலச் சட்டைப் படம் அதில் அவ்வளவு அழகாக வந்தது. தண்ணி மட்டும் படாம பாத்துக்கங்கம்மா என்று அந்தத் தம்பி இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தது. நானும் தலையை ஆட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாரை விருந்துக்கு அழைத்திருந்தோம். உன் முகம் எல்லோருக்கும் தெரியட்டும் என்று டிஸ்க்குகளைக் கவரிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் பரப்பி வைத்தேன். உன் அத்தா வழக்கம்போல் பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தவர்கள்மேல் தெளித்தார், வெற்றிலைமேல் தெளித்தார், பிஸ்மி சொல்லி அந்தத் தாம்பாளத்தின்மேலும் தாராளமாகத் தெளித்துவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் உறைக்கவில்லை, பன்னீரும் ஈரம்தான் என்பது புத்தியில் ஏறினால்தானே. சம்பந்தியம்மா ஒன்றைக் கையில் எடுத்து, இது யாருங்க பெரியவரு, தாடியெல்லாம் நீலமா இருக்குன்னு கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது. உன் சட்டை உருகி முகத்துக்கு ஏறியிருந்தது. அவர்கள் போனதும் அத்தாவைப் பிடித்துக்கொண்டேன், அவரோ தெளிச்சது நாந்தான், கவர்லேருந்து எடுத்தது யாருன்னு திருப்பிக் கேட்டார்.

டிஸ்க் ஓடுவதற்கு ஒரு குறையும் இல்லை. ஷைமா மார்க்கரால் ஒவ்வொன்றிலும் உன் பெயரை எழுதினாள், நான் வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். போன வீட்டிலெல்லாம் இது யாரு இதுன்னு கேட்டார்கள், நானும் என் மவன் இலியாஸு, லீவு கெடைக்கலன்னு சொல்லிச் சொல்லி வந்தேன். படம் நன்றாக இருந்திருந்தால் பேசாமல் வாங்கி வைத்திருப்பார்கள். பீரோவில் தனியாக வைத்த ஒன்று மட்டும் நனையாமல் தப்பியது, அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, நானே வைத்துக்கொண்டேன். உனக்கு வருவது கலைந்ததுதான், உன் முகம் உனக்குத் தெரியாதா என்ன.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக, ஆமீன். தொழுகையை விடாதே, டிஸ்க்கை வெயிலில் வைக்காதே. ஷைமாவுக்கு அடுத்த வருஷம் பேசி முடித்துவிடுவோம், இப்போதே முதலாளியிடம் லீவுக்குச் சொல்லி வை. அந்தக் கல்யாண டிஸ்க்குக்கு ஸ்டிக்கரா அச்சா என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. நீ உள்ளே இருந்தால் போதும், மேலே வெறும் வெள்ளையாகக் கிடக்கட்டும்.

உன் அம்மா,
குல்சும்