தற்காலிகப் பிடித்தம்

ஜூன் 4
மாணவியர் விடுதி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்

மதிப்பிற்குரிய அட்டைக்காரருக்கு,

வணக்கம். உங்களை எப்படி அழைப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடு" என்றாள். எனக்கு எப்படி எப்படியோ வருகிறது. அதையெல்லாம் எழுதினால் வார்டன் மேடம் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். எனவே, இப்போதைக்கு அட்டைக்காரர்.

நீங்கள் கொடுத்தனுப்பிய கடன் அட்டை வந்து சேர்ந்தது. உங்கள் அட்டைதான் தாயாம், இது அதன் குட்டியாம். நன்றி. இங்கே எங்கள் ஃபோனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். கையில் காசு வைத்துக்கொள்ளவும் கூடாது. கேன்டீன் முதல் சலவை அறை வரை அட்டையைத் தேய்த்தால்தான் காரியம் நடக்கும். ஆகவே குட்டி நன்றாக மேய்கிறது.

ஒரே ஒரு புகார். நேற்று தேநீர் வாங்கினேன். ரசீதின் அடியில் "வசதிக் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி. "என்னண்ணா வசதி? உட்கார நாற்காலி கூட இல்ல, நின்னுக்கிட்டே குடிக்கிறேன்" என்றேன். "அட்டை தேய்க்கிற வசதிம்மா" என்றார் கேன்டீன் அண்ணன். தேய்த்தது நான், தேய்ந்தது என் கை, கட்டணமும் நானே கட்ட வேண்டுமா? அட்டை என்று இதற்குப் பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. குளத்து அட்டையும் இப்படித்தான், ஒட்டுவதும் தெரியாது, உறிஞ்சுவதும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் அம்மாவும் கல்யாணத்தைப் பதிவு செய்வதற்குள் வீடு பார்க்கிறீர்கள் என்று தெரியும். அம்மாவிடம் "எத்தனை ரூம்?" என்று கேட்டால் "மழை வர்ற மாதிரி இருக்குல்ல?" என்கிறாள். அதனால் உங்களையே கேட்கிறேன். அந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா, இல்லை இந்த ஜன்னலோரக் கட்டில்தான் எனக்குக் கடைசி வரைக்குமா?

இப்படிக்கு,
வால்
(பட்டப்பெயர் அல்ல, பட்டம்)


ஜூன் 9

அன்புள்ள செல்விக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. அம்மா தங்களை "வால்" என்று அழைக்கலாம். எனக்குச் சற்றுத் தயக்கமாக உள்ளது.

வசதிக் கட்டணம் பற்றித் தாங்கள் கேட்டது நியாயமே. பத்துக்கும் இருபதுக்கும் தனித்தனியாகத் தேய்க்காமல் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கூப்பன் வாங்கிக்கொண்டால் கட்டணம் ஒருமுறையோடு போகும். எக்காரணம் கொண்டும் இந்த அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் பணமாக எடுக்க வேண்டாம். எடுத்த நிமிடமே கட்டணமும் வட்டியும் ஓடத் தொடங்கும்.

அட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் என் ஃபோனுக்குச் செய்தி வரும். திங்கள் மாலை 4.10க்கு ஒரு பன், 4.16க்கு இன்னொரு பன். விடுதியில் மதிய உணவு போதவில்லையா?

சனிக்கிழமை சலவை இயந்திரத்தில் ஐந்நூறு என்று செய்தி வந்தது. தாங்கள் பதற வேண்டாம். ஒரு சலவைக்கு நாற்பதுதான். நாம் எவ்வளவு துவைப்போம் என்று இயந்திரத்துக்கு முன்கூட்டித் தெரியாததால் ஐந்நூறைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, பிறகு மீதியை விட்டுவிடும். எங்கள் ஓட்டலிலும் அறைச் சாவியைக் கொடுக்கும் முன் விருந்தினரின் அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைப்போம். வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருடமாக நான் செய்யும் வேலை அதுதான். பணம் எங்களிடம் வராது, ஆனால் அவராலும் தொட முடியாது. அவர் சாவியைத் திருப்பித் தந்ததும் விடுவிப்போம். இதற்கு "தற்காலிகப் பிடித்தம்" என்று பெயர்.

வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். உறுதியாகாத அறையை யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை என்பது என் தொழில் பழக்கம். உறுதியானதும் தெரிவிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
அம்மாவின் நண்பர்


ஜூன் 12

பணிவுள்ள அட்டைக்காரருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். என்னைத் "தாங்கள்" என்று எழுதாதீர்கள். நான் என்ன உங்கள் ஓட்டலில் தங்க வந்தவளா? நீங்கள் "தாங்கள்" என்றால் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க வீட்டுக்கு வரப்போறவரா, வங்கியிலேர்ந்து வந்த நோட்டீஸா?" என்று கேட்கிறாள்.

பன் விஷயம்: இரண்டாவது பன் அவளுக்கு. எப்போது தின்றேன் என்று கூடத் தெரிகிறதா உங்களுக்கு? எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடுத்த பன்னைத் தூணுக்குப் பின்னால் நின்று தின்றேன்.

அடுத்தது, உங்கள் பிடித்தம். இந்தச் சொல்லை நான் சும்மா விடப்போவதில்லை. சம்பளத்தில் பிடித்தம் என்றால் போய்விட்டது என்று அர்த்தம். ஒருவர் மேல் பிடித்தம் என்றால் வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா மேல் உங்களுக்கு இருப்பது எந்தப் பிடித்தம்? தற்காலிகமா? சாவி கைமாறியதும் விடுவித்துவிடுவீர்களா?

கோபம் வேண்டாம். எனக்கு முன் அனுபவம் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது என் அப்பா "முட்டை வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக் கிளம்பினார். ஏழு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முட்டை வாங்குவது நான் ஒருத்திதான், அதுவும் கணக்குப் பரீட்சையில். இதைச் சொன்னால் வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், கட்டணம் கிடையாது.

நான் கேட்டது இடம் உண்டா என்று. நீங்கள் சொன்னது தொழில் பழக்கம். மறுபடியும் கேட்கிறேன். எத்தனை அறை?

வால்


ஜூன் 13, சனிக்கிழமை மதியம்

அட்டைக்காரரே,

நேற்றைய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் கை அரித்தது. ஒரு கண்டுபிடிப்பு!

சலவை இயந்திரத்தில் அட்டையைத் தேய்த்துவிட்டு, துணி போடாமல், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் "ரத்து" என்று வருகிறது. ஆனால் பிடித்தது பிடித்ததுதான், உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். காசு செலவில்லாமல் உங்கள் ஃபோனை நான் இங்கிருந்தே மணியடிக்க வைக்கலாம்! இன்று காலை பத்து மணிக்கு இருபத்து மூன்று முறை அடித்தேன். பின்னால் துணி வாளியோடு நின்ற பெண்கள் "ஏய், என்னடி பண்றே, மெஷினுக்கு மந்திரம் போடறியா?" என்று கத்தினார்கள். "ஒருத்தரைக் கூப்பிடறேன், எடுக்க மாட்டேங்கறார்" என்றேன்.

மேசையில் நின்றுகொண்டு, விருந்தினர் முன்னால், சட்டைப்பை டிங் டிங் என்று துள்ள, நீங்கள் முழித்ததை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இனி எனக்குப் பதில் எழுதத் தாமதமானால் கோயில் மணி மாதிரி அடிப்பேன். ஜாக்கிரதை.

வெற்றியுடன்,
வால்


ஜூன் 17

அன்புள்ள செல்விக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

சலவை இயந்திரத்தில் ரத்து செய்த தொகைகள் விடுபட ஏழு வேலை நாட்கள் வரை ஆகலாம். அதுவரை அட்டையைக் கேன்டீனுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளவும்.

வீடு ஒன்று அமைவதாக இருந்தது. அமையவில்லை. வேறு பார்க்கிறோம்.

முட்டை பற்றி எழுதியதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அம்மாவின் நண்பர்


ஜூன் 21, ஞாயிறு

உங்களுக்கு,

இன்று பார்வையாளர் நாள். அம்மா வந்தாள். உங்கள் பதினேழாம் தேதிக் கடிதத்தை இரண்டு நாளாக மடித்து மடித்துப் பிரித்து அது கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது. அதில் ஏதோ சரியாக இல்லை. அதனால் அம்மாவை விடவில்லை. மழை வருகிறதா என்று பார்க்கவும் விடவில்லை.

"வீடு ஏம்மா போச்சு?"

"பதிமூணாம் தேதி காலைல தரகர் ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தோம். அம்பதாயிரம் முன்பணம். சம்பளம் வர இன்னும் நாலு நாள் இருந்துச்சு, அதனால அட்டையில கட்டறேன்னார். அந்த மெஷின் மூணு தடவை மாட்டேன்னுடுச்சு. பின்னாடி நின்னவங்க பணத்தை எண்ணி வச்சாங்க, தரகர் சாவியை அவங்க பக்கம் நகர்த்திட்டார்."

"எத்தனை மணிக்கும்மா?"

"பத்தே கால் இருக்கும். ஏண்டி முகம் இப்படிப் போகுது?"

"அவர் என்ன சொன்னார்?"

"பேங்க் மெஷின்ல ஏதோ கோளாறுன்னார்."

பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன். அந்த வீட்டில் எத்தனை அறை என்று. இரண்டாம். ஒன்று ரொம்பச் சின்னது. நீங்கள் அதன் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து, விரல் இரண்டு பக்கச் சுவரிலும் படுகிறதா என்று பார்த்தீர்களாம். "கட்டில் போகும், மேசை போகும், ரெண்டும் சேர்ந்தா அவ போக முடியாது" என்றீர்களாம்.

அவ. அது நான்.

கேன்டீன் அண்ணனிடம் போய்க் கேட்டேன். குட்டி அட்டைக்கும் தாய் அட்டைக்கும் ஒரே கடன் வரம்பாம். உங்கள் வரம்பு அறுபதாயிரம் என்று அம்மா சொன்னாள், பழைய பாக்கி எல்லாம் முந்தின நாளே கட்டிச் சுத்தமாக வைத்திருந்தீர்களாம். ஐந்நூறை இருபத்து மூன்றால் பெருக்கினேன். முதல்முறையாகக் கணக்கில் சரியான விடை வந்திருக்கிறது. இருபதோடு நிறுத்தியிருந்தால் சரியாக ஐம்பதாயிரம் மிஞ்சியிருக்கும். கடைசி மூன்று முறை, பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள் என்பதற்காக அடித்தது.

அட்டையை இதனுடன் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், இல்லை நான் சொல்கிறேன். இன்று வாய் வரை வந்தது, அவள் புதுப் புடவை கட்டியிருந்தாள், முடியவில்லை.

நீங்கள் போகப்போகிறீர்கள் என்றால், அதையும் சொல்லிவிட்டுப் போங்கள். எதையாவது வாங்கி வருகிறேன் என்று மட்டும் போகாதீர்கள்.

(பெயர் போடப் பிடிக்கவில்லை)


ஜூன் 25

வாலுக்கு,

கடன் அட்டையைச் சாதாரணத் தபால் உறையில் வைத்து அனுப்புகிற ஆளை என் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன். வழியில் எவனாவது பிரித்திருந்தால்? உறையைக் கொஞ்சம் தடவிப் பார்த்தாலே உள்ளே அட்டை இருப்பது தெரிகிறது! உனக்கு மூளை இருக்கிறதா, அதையும் வார்டன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாரா? பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கு.

எனக்கு உன்மேல் கோபம். நன்றாகவே கோபம். தரகர் முன்னால், உன் அம்மா முன்னால், மூன்று முறை அந்த இயந்திரம் என்னைத் திருப்பி அனுப்பியது. பத்தொன்பது வருடம் மற்றவர்கள் அட்டையை "மன்னிக்கவும் சார், போகவில்லை" என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தவன் நான். அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உன் செய்திகள் வரிசையாக வந்ததைப் பார்த்தேன். விளையாடுகிறாய் என்று புரிந்தது. வங்கிக்கு ஃபோன் செய்து விடுவிக்கச் சொல்வதற்குள் சாவி போய்விட்டது. இன்னொரு முறை இந்த மாதிரிச் செய்தால் நேரில் வந்து எல்லோர் முன்னாலும் காதைத் திருகுவேன். எழுதி வைத்துக்கொள்.

அம்மாவிடம் நீயே சொல். நான் சொன்னால் கோள் சொன்ன மாதிரி ஆகும், நீ சொன்னால் திட்டு வாங்குவாய். வாங்கு.

போவதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எழுத்தில் வாக்குக் கொடுக்க எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். நேற்று வேறொரு வீடு பார்த்தேன். படுக்கையறை ஒன்றுதான். பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்திருக்கிறார்கள், நீளம் எட்டடி, அகலம் ஐந்தடி. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். மத்தியானம் வெயில் நேராக அடிக்கும். "ஆளுக்கு ஆள் பார்த்துட்டுப் போறாங்க, இன்னிக்கே முடிச்சிடுங்க சார்" என்றார் தரகர். "அந்த இடத்துல இருக்கப்போறவ பார்க்காம முடிக்க மாட்டேன்" என்றேன். அடுத்த வாரச் சனிக்கிழமை வரை வைத்திருக்கிறார். அதற்கு மேல் வைத்திருக்க மாட்டாராம்.

ஜூலை 4, சனிக்கிழமை, உன்னை வெளியே அழைத்துப் போக விடுதிப் படிவம் இதோடு இருக்கிறது. எல்லாம் நிரப்பிவிட்டேன். "அழைத்துச் செல்பவர் மாணவிக்கு என்ன உறவு" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். மூன்று தடவை எழுதப் போனேன். என்ன எழுதினாலும் அது உன் அனுமதி இல்லாமல் எழுதியதாக இருக்கும். கட்டம் காலியாக இருந்தால் வார்டன் வெளியே விட மாட்டார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நீ நிரப்பிக் கொடு.

இரண்டு பன்னும் நீயே சாப்பிடு. பக்கத்துக் கட்டில்காரிக்குத் தனியாக வாங்கு.

இப்படிக்கு,
கோபத்துடன்


ஜூன் 29

உங்களுக்கு,

அட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அம்மாவிடம் நேற்று சொன்னேன். பார்வையாளர் அறை மொத்தமும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். பிறகு அழுதாள், பிறகு நான் கொண்டுபோன பன்னைப் பாதி தின்றாள். இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

உங்கள் கோபக் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில்காரிக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டாள். "இது சொந்த விஷயம்" என்றேன்.

படிவத்தோடு இரண்டு நாள் திண்டாடினேன். அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான். அதில் "அப்பா" என்று எழுதிப் பார்க்கப் பேனாவை வைத்தேன், பேனா நகரவில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். "அம்மாவின் நண்பர்" என்று எழுதவும் கை வரவில்லை. அம்மாவின் நண்பர்கள் யாரும் என் கட்டிலுக்காகச் சுவரை அளந்ததில்லை. கடைசியில் "வீட்டுக்காரர்" என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வார்டன் மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "வீட்டுக்காரர்னா என்னம்மா அர்த்தம்? வீடு வாடகைக்கு விட்டவரா, உங்க அம்மாவோட வீட்டுக்காரரா?"

"ரெண்டும் இன்னும் இல்ல மேடம்."

"அப்ப எதுக்கு எழுதின?"

"நான் போய் அந்த வீட்டைப் பார்க்கணும் மேடம். நான் பார்க்காம முடிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கார்."

அவர் படிவத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். இவ்வளவு பலமாக அவர் குத்தி நான் பார்த்ததில்லை.

பால்கனி ஐந்தடி அகலம் போதும். கதவு பாதி திறந்தால் போதும், நான் ஒல்லி. வெயிலுக்குப் பழைய போர்வையைக் கட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் நேரில் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதுவரை எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்குத் திங்கள்தான் ஆகிறது.

அனுமதி ஒன்பது மணியிலிருந்து. நான் எட்டரைக்கே வாசலில் நிற்பேன். நீங்கள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் ஆனால் ஏதாவது சொல்வேன். அதற்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்