நூல் எங்கே போனது

மார்ச் 4, செவ்வாய்

கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா, "பொண்ணு கம்ப்யூட்டர்ல படத்தச் சுருக்குது" என்கிறாராம். தையல்காரருக்குச் சுருங்குவது என்றாலே துணிதான். விளக்கினேன்: வீடியோ என்பது நொடிக்கு இருபத்தைந்து படம். ஒன்றை முழுதாக அனுப்புவோம், அடுத்தவற்றில் மாறிய இடங்களை மட்டும். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுவோம்.

"தெரியாதுன்னு யாரு முடிவு பண்றது?"

நாங்கள்தான் என்றேன். கொஞ்சம் கெத்தாகவே.

மார்ச் 6, வியாழன்

மருத்துவ மாணவர்களுக்கான அறுவை சிகிச்சை வீடியோ திங்களன்று மருத்துவமனைக்குப் போகிறது. எங்கள் புது முறையில் அளவு பாதி. கணினி போடும் தர மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. எல்லோரும் கைதட்டினார்கள், நானும். ஆனால் காயத்தைத் தைக்கும் இடத்தில் ஏதோ இடிக்கிறது. வேலையில் சேர்ந்து ஐந்தே மாதம். நான் யார் சொல்ல?

மார்ச் 8, சனி

அந்த வீடியோவை வெளியே காட்டக்கூடாது. அதனால் அப்பா வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைப்பதைப் படமெடுத்து, அதே முறையில் சுருக்கி அவரிடமே காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஊசி மட்டும் போகுது. நூலு எங்கம்மா?"

அதேதான்! மயிரிழை நூலை, படத்தில் விழும் வேண்டாத புள்ளிகள் என்று நினைத்துக் கழித்திருக்கிறோம்.

மார்ச் 10, திங்கள்

பேசிவிட்டேன். தைக்கும் இடத்தில் நூலைக் காணவில்லை என்று. டீம் லீட், "மார்க் தொண்ணூத்தேழு வருதேம்மா" என்றார். அது படம் முழுவதற்குமான சராசரி, முக்கால்வாசிப் படம் நோயாளியைப் போர்த்திய அசையாத பச்சைத் துணி, மதிப்பெண் வாங்கியது அந்தத் துணிதான் என்றேன்.

"தைக்கக் கத்துக்க வர்றவங்களுக்கு நூல்தான் சார் பாடம்."

அவர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "இன்னைக்கு அனுப்ப வேணாம்" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

பச்சைத் துணிக்குச் செலவாகும் தரவைக் குறைத்து, ஊசியைச் சுற்றிய இடத்துக்குக் கொடுத்தோம். மதிப்பெண் தொண்ணூற்றாறு. நூல் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

இனி வெளியாட்களும் பார்த்துச் சொன்ன பிறகுதான் அனுப்புவதாம். லீட் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார், மருத்துவமனையின் அனுமதியோடு. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ரத்தத்தைக் கண்டு முகத்தைத் திருப்பியவர், கொஞ்ச நேரத்தில் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது தையல் கொஞ்சம் தளர்வா விழுந்திருக்கு."

மருத்துவமனையிலிருந்து வந்திருந்த மருத்துவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றார்.

அப்பாவுக்கான பார்வையாளர் படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'தொழில்' என்ற இடத்தில், பள்ளி, கல்லூரிப் படிவங்களில் எப்போதும் 'சுயதொழில்' என்றே எழுதியிருக்கிறேன்.

இன்று 'தையல்காரர்' என்று எழுதினேன்.