கரியால் எழுதிய முகம்

அண்ணே,

எக்ஸ்ரே ஃபிலிமை உறையிலிருந்து உருவினால் இருட்டறை மருந்தின் புளிப்பு வாடை இன்னும் வருகிறது. நம் தீவுக்கு விடுதலை கிடைத்துச் சொந்தக் கொடி ஏறிய அன்று ஊரே வெடி வெடித்தது. நான் இந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கரும்பு வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்தியபோது தோட்டத்துத் துரை சுடச் சொன்னான். என் தம்பி விழுந்தான். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஊருக்குச் சாமிப் படம் எழுதும் நீங்கள்தான் அவனைப் பலகையில் படமாக எழுதினீர்கள்: வெள்ளைத் தொப்பியும் கோட்டுமாகத் துரை, எதிரே கோணிச்சாக்கு உடுத்திய தம்பி. துரை வீட்டு ஜன்னலுக்கு அடித்த வெள்ளைச் சாயத்தில் ஒரு தகர டப்பா மிச்சமிருந்தது. தம்பிக்கு ஆலைக் கரியையும் எண்ணெயையும் குழைத்தீர்கள்.

"வெள்ளை துரைக்கே போகட்டும்டா. நம்ம மூஞ்சிக்குக் கரி போதும்."

நானும் சிரித்தேன்.

போலீஸ் வீடு வீடாக வருகிறது என்றதும் அதன்மேல் முருகனை எழுதிக் கோயிலில் மாட்டினீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு எனக்குச் சாட்சி இல்லை. கோயிலைப் புதிதாகக் கட்டியபோது பலகையை வெளியே போட்டார்கள். நான் விடவில்லை, அடியில் தம்பி இருக்கிறான் என்றேன். "அடியில மொகம் இருக்குன்னா காட்டுமய்யா, திரும்ப மாட்டுறோம்" என்றார் கோயில் தலைவர்.

ஆஸ்பத்திரியில் ஃபிலிம் கழுவிக் கழுவியே எக்ஸ்ரேயைக் கற்றவன் நான். பலகையை அங்கே தூக்கிப் போனேன். மெஷின் ஓட்டும் கிரியோல்காரர், "தோந்தோன், உங்க சாமிக்கு எந்த எலும்பு முறிஞ்சுது?" என்று, மாமா என்பதைத் தன் பாஷையில் சொல்லிக் கேட்டுக்கொண்டே படம் எடுத்துக் கொடுத்தார்.

நானே கழுவினேன். முருகனின் கண்களில் தீட்டிய வெள்ளை வந்தது. தொப்பி வந்தது. கோட்டு வந்தது, பித்தான் வரைக்கும். தம்பி வரவில்லை.

ஈயம் கலந்த வெள்ளைதான் கதிரை மறிக்கும். கரியைக் கதிர் சட்டை செய்யாமல் கடந்து போய்விடும். எலும்பு தங்கி, சதை மறைவதைத் தினமும் பார்த்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும்தான் தூக்கிப் போனேன்.

தலைவர் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தார். "தொர நல்லா விழுந்திருக்காரு" என்றார்.

பலகை இப்போது என் வீட்டில் இருக்கிறது. சுரண்டிப் பார் என்கிறார்கள். சுரண்டினால் முருகனோடு அந்தக் கரியும் வந்துவிடும், மாட்டேன். துரைக்கு எதிரே இருக்கும் இருட்டைத் தொட்டு, "இவன் என் தம்பி" என்று சொல்ல இன்னும் நான் இருக்கிறேன். எனக்குப் பிறகு இந்த ஃபிலிமில் துரை மட்டும்தான் நிற்பான்.