ரேடியோ கேட்ட நான்கு எண்கள்

ஜூன் 4, 2024

பாண்டிலட்சுமி போன் செய்தாள். போன மாதம் என் காரை வாங்கிய அச்சங்குளத்துப் பெண். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன்.

"சிஸ்டர், பேட்டரியக் கழட்டிப் புதுசு மாட்டுனோம். இப்ப ரேடியோ கோடு கேக்குது. நாலு நம்பராம்ல? அந்த நம்பர் போட்ட கார்டு இருக்கா?"

பீரோவில்தான் இருக்கிறது. "தேடிப் பாக்குறேம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 5

மறுபடி கூப்பிட்டாள். எனக்குக் கண் ஆபரேஷன் செய்தது ஆறிவிட்டதா, சாப்பிட்டீகளா என்றெல்லாம் கேட்டாள். பன்னிரண்டு நிமிடம்! ரிட்டையர் ஆனபின் எனக்குப் போன் செய்வது லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான்.

"கெடச்சுச்சா சிஸ்டர்?"

"இன்னும் இல்லம்மா."

ஜூன் 8

குத்துமதிப்பாக மூன்று தடவை எண் போட்டாளாம். ரேடியோ ஒரு மணி நேரம் பூட்டிக்கொண்டதாம். நாளைக்கும் கூப்பிடுவாள்.

ஜூன் 10

இன்றும் கூப்பிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் தன் அம்மாவை டயாலிசிஸுக்கு விருதுநகர் கூட்டிவருகிறாள். கார் வாங்கியதே அதற்குத்தான். "பாட்டுக் கேட்டா அம்மா பேசாம வரும் சிஸ்டர். இப்ப வழியெல்லாம் அழுகுது."

முப்பத்திரண்டு வருடம் நர்ஸ் நான். அந்த வேதனை எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வாயத் தெறக்கல. சீ — என்ன பொம்பள நான்?

ஜூன் 11

"நீங்க தேடி அலையாதீக சிஸ்டர். வேற ரேடியோ மாட்டிக்கிறேன். இனிமே தொந்தரவு பண்ணல."

வைத்துவிட்டாள்.

ஜூன் 14

இன்று வெள்ளி. அந்த அம்மா அழுதுகொண்டே வந்துபோயிருப்பார்.

ஜூன் 16

பஸ் பிடித்து அச்சங்குளம் போனேன். கார்டை நீட்டினேன். அவள் முகம் மலர்ந்தது.

"எங்கன கெடச்சுச்சு?"

"தொலையவே இல்லம்மா. குடுத்துட்டா நீ கூப்பிட மாட்டியேன்னு..."

காரில் ஏறி நாலு எண்ணையும் அமுக்கினாள். பாட்டு வந்தது. ரேடியோவைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாலு தடவ அழுதுக்கிட்டே வந்துச்சு சிஸ்டர்."

சாத்தூர் பஸ் ஸ்டாண்டு வரை காரில் கொண்டுவந்து விட்டாள். நான் இறங்கியதும் காரைத் திருப்பினாள்.

ஜூன் 20

போன் இல்லை. எப்படி இருக்கும்?

ஜூன் 23

நானே கூப்பிட்டேன்.

"சொல்லுங்க." சிஸ்டர் என்று சொல்லவில்லை.

"செவ்வாக்கிழம நான் அம்மாகூட உக்காந்திருக்கட்டுமா? நீ வேலைக்குப் போயிட்டு வரலாம்."



"எட்டு மணிக்கு வந்துருவோம்" என்றாள்.

ஜூன் 25

ஏழரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். பாண்டிலட்சுமி அம்மாவின் கையை என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அவர் பெயர் பொன்னுத்தங்கம். டயாலிசிஸ் நடந்த நாலு மணி நேரமும் பேசினார்.